சூப்பர் மாரியோ பிரதர்ஸ்: சென்னை வீடுகளில் கையேடு இல்லாமல் கற்ற ஆட்டம்

சூப்பர் மாரியோ பிரதர்ஸ், ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட வீடியோ கேம். பக்கவாட்டில் நகரும் திரையில் ஓடியும் குதித்தும் தடைகளைக் கடக்கும் ஆட்டவகைக்கு இது முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இதை வடிவமைத்தனர். இசை கோஜி கோண்டோ. அதிகாரபூர்வமாக 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்த ஆட்டம், அந்தக் கணக்கில் சேராத வழியாக 1990களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது. அட்டைப்பெட்டியோ கையேடோ தயாரித்தவர் பெயரோ இல்லாமல் வந்த ஆட்டம் அங்கே வேரூன்றியது எப்படி என்பதையும், அந்த ஈர்ப்பில் ஆட்டத்தின் தகுதி எவ்வளவு, பழைய நினைவின் பங்கு எவ்வளவு என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

நின்டெண்டோ 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கியது. மாரியோ என்ற பாத்திரம் முதலில் தோன்றியது 1981-இல் வந்த டாங்கி காங் ஆட்டத்தில். அப்போது அவர் ஒரு தச்சர். 1983-இல் வந்த மாரியோ பிரதர்ஸில் குழாய்ப் பணியாளர் ஆனார். அவருடைய தோற்றம் அன்றைய கருவிகளின் வரம்பிலிருந்து பிறந்தது. மிகச் சில புள்ளிகளுக்குள் வாயை வரைவது கடினம், அதனால் மீசை. தலைமுடி வரைவது கடினம், அதனால் தொப்பி. கை அசைவது தெரியவேண்டும், அதனால் சட்டைக்கு வேறு நிறமும் மேலே தோள்பட்டை வைத்த கால்சட்டையும்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸின் கதை எளியது. காளான் நாட்டு இளவரசியை ஆமை அரசன் பௌசர் சிறைவைத்திருக்கிறான், மாரியோ மீட்கப் போகிறார். மொத்தம் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். ஒவ்வொரு உலகத்தின் நான்காவது கட்டமும் ஒரு கோட்டை. ஆடுபவர் 3 லைஃபுடன் தொடங்குகிறார். 100 நாணயம் சேர்ந்தால் ஒரு லைஃப் கூடும். திரை வலப்பக்கம் மட்டுமே நகரும். கடந்து வந்த இடத்துக்குத் திரும்ப முடியாது.

இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சிக்கனம் திரையிலும் தெரியும். வானத்தில் மேகமாக இருக்கும் அதே வடிவம், தரையில் பச்சை நிறம் பூசிப் புதராகிறது. தம்பி லூயிஜி நிறம் மாற்றிய மாரியோதான். கூர்ந்து பார்க்காதவரை இது கண்ணுக்குப் படுவதில்லை. பார்த்தபின் மறப்பதும் இல்லை.

சென்னைக்கு வந்த வழி

நின்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டர் 1983-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிய வடிவத்தில் போலி கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு ஒன்று இருந்தது. ஜப்பானிய வடிவத்தில் அது இல்லை. எனவே தைவானிலும் சீனாவிலும் அதைப் பிரதியெடுப்பது எளிதானது. காலப்போக்கில் முழுக் கருவியும் ஒரே சில்லுக்குள் அடங்கியதும் விலை இன்னும் இறங்கியது. இந்தியாவில் பல பெயர்களில் கிடைத்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் நின்டெண்டோ என்ற பெயரைக் கேட்டதே இல்லை. அவர்களுக்கு அது 'டிவி கேம்', அவ்வளவுதான்.

தென்சென்னை வீடுகளுக்கு இந்தப் பெட்டிகள் வந்து சேர்ந்த இரு பெரிய வாசல்கள் பாரிமுனையை ஒட்டிய பர்மா பஜாரும், அண்ணாசாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார், வெளிநாட்டுப் பொருட்களுக்குச் சென்னையில் பெயர்பெற்ற இடமாக இருந்தது. ரிச்சி தெரு மின்னணுப் பொருட்களின் சந்தை. வெளிநாட்டில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததும் உண்டு.

பெட்டியைத் திறந்தால் இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, ஒரு அடாப்டர், ஒரு கேசட். டிவியின் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேமின் ஒயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவைக்க வேண்டும். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் உள்ளே இருப்பவை சில பத்து ஆட்டங்கள். அவையே வேறுவேறு பெயரிலும், வேறுவேறு கட்டத்தில் தொடங்கும்படியும் பட்டியலை நிரப்பியிருக்கும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதி மீண்டும் செருகுவது வழக்கம். பலன் தந்தது ஊதியது அல்ல, எடுத்துச் செருகியது. எச்சில் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும் என்பதே உண்மை.

ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்த ஆட்டம் வினாடிக்கு 60 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடியது. இந்தியத் தொலைக்காட்சிகளின் பால் முறைக்கேற்ப 50 சட்டங்களில் ஓடிய பெட்டிகளில் மாரியோவின் ஓட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாயின. சென்னைப் பிள்ளைகள் பழகிய மாரியோ, மூலத்தைவிடச் சற்று நிதானமானவர்.

பழைய நினைவு மட்டும்தானா?

இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் இன்று வரும் பேச்சு பெரும்பாலும் '90ஸ் கிட்ஸ்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. தேன்மிட்டாய், பம்பரம், கோடை விடுமுறை, அந்த வரிசையில் மாரியோ. சிறுவயதில் ஆடியதால் பிடிக்கிறது, வேறொன்றும் இல்லை என்பது இதன் உட்பொருள். ஆட்டத்தின் தகுதியை எடைபோட வேண்டிய இடத்தில் ஆடியவரின் வயதை எடைபோடும் வாதம் இது.

இதைச் சோதிக்க வெளியே போகவேண்டியதில்லை, அதே கேசட்டே போதும். ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, டக் ஹன்ட், பேட்டில் சிட்டி, ஐஸ் கிளைம்பர் என்று பல ஆட்டங்கள் அதில் இருந்தன. அதே வயது, அதே வீடு, அதே கோடை, அதே டிவி. பழைய நினைவு மட்டுமே காரணம் என்றால் எல்லா ஆட்டங்களும் ஒரே அளவில் நினைவில் நிற்கவேண்டும். அப்படி நிற்கவில்லை. ரோட் ஃபைட்டரின் காரை நினைவுபடுத்தினால் ஆடியவர் சிரிப்பார். மாரியோவின் முதல் கட்டத்தை நினைவுபடுத்தினால் எந்தக் கட்டையில் காளான், எந்தக் குழாய்க்குள் இறங்கலாம் என்று வரிசையாகச் சொல்வார். ஒரு படைப்பு அதன் நுகர்வோரிடம் இத்தனை துல்லியமாகத் தங்குகிறது என்றால், காரணத்தைப் படைப்புக்குள்தான் தேடவேண்டும்.

சொல்லாமல் கற்பித்தல்

ஆட்டத்தின் முதல் கட்டம் 1-1 எனப்படும். அதில் அறிவுரையாக ஒரு வரி எழுத்துகூட இல்லை. மாரியோ இடதுபுறம் நிற்கிறார், வலதுபுறம் வெற்றிடம். எங்கே போகவேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. சில அடிகளில் பழுப்பு நிறத்தில், கோபக் கண்களுடன் ஓர் உருவம் எதிரே வருகிறது. அதன் முகமே அது நண்பனல்ல என்று சொல்கிறது. தெரியாமல் மோதினால் மாரியோ இறப்பார். ஆனால் இழப்பு சில வினாடிகளே, மீண்டும் அதே இடம், மீண்டும் அதே உருவம். இரண்டாம் முறை குதிக்கத் தோன்றும். அதன் தலையில் விழுந்தால் அது நசுங்கும். இரண்டு பாடங்கள் முடிந்தன.

அடுத்தது கேள்விக்குறி போட்ட கட்டை. முட்டினால் நாணயம் வரும். இன்னொன்றை முட்டினால் காளான். இப்போதுதான் பார்த்த எதிரியின் உருவத்தைச் சற்றே ஒத்திருப்பதால் காளானைக் கண்டு விலகவே தோன்றும். அது வலப்புறம் நகர்ந்து கீழே விழுந்து, குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கியே வருகிறது. குதித்துத் தப்ப முயன்றால் மேலே உள்ள கட்டைகள் தலையில் இடித்துக் கீழே தள்ளும். காளானைத் தொட்டாகவேண்டும், தொட்டால் மாரியோ பெரிதாகிறார். இந்த இடத்தைத் திட்டமிட்டே இப்படி அமைத்ததாக மியாமோட்டோ பிற்காலப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

இதே கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிராக இரு படிக்கட்டுகள் வருகின்றன. முதல் இணையின் நடுவே தரை இருக்கிறது. அங்கே தாண்டத் தவறினால் ஒன்றும் ஆகாது. அடுத்த இணை ஏறத்தாழ அதே போன்றது, நடுவே பள்ளம். முதலில் ஆபத்தின்றிப் பழக்கிவிட்டு, அதன்பின் அதையே ஆபத்தோடு கேட்பது நல்ல ஆசிரியரின் முறை.

ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வாங்கியவருக்கு இந்தத் திறமை அவசியமே இல்லை என்றுகூட வாதிடலாம். அவர் கையில் படம் போட்ட கையேடு இருந்தது. எதிரிகளின் பெயர், பொத்தான்களின் வேலை, கதை எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. சென்னை வீட்டில் அந்தத் தாள் இல்லை. திரையில் எதிரிகளின் பெயர் எங்கும் வருவதும் இல்லை. ஆகவே பிள்ளைகள் பார்த்ததை வைத்துப் பெயரிட்டார்கள்: ஆமை, பறக்கும் ஆமை, மீன், சுத்தியல் எறிபவன். சொல்லாமலே கற்பிக்கும் ஆட்டம் என்று விமர்சகர்கள் மாரியோவைப் புகழ்வது உண்டு. சொல்ல வேறு எதுவுமே இல்லாத இடத்தில் அந்தப் புகழ் உண்மையிலேயே சோதிக்கப்பட்டது, உண்மை என்றும் தெரிந்தது.

மறுபக்கச் சான்றும் அதே கேசட்டில் உண்டு. பட்டியலில் மாரியோ என்ற பெயரே பல முறை வரும். ஒன்றைத் தேர்ந்தால் முதல் உலகத்தில் தொடங்கும், வேறொன்றைத் தேர்ந்தால் நேரே பிந்தைய உலகம் ஒன்றில் இறக்கிவிடும். அப்படி இறங்கிய புதியவர் சில வினாடிகளில் மூன்று லைஃபையும் இழந்து ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுவார். பொம்மைகளும் இசையும் பொத்தான்களும் அவையேதான். வரிசை மட்டும் குலைந்திருக்கிறது. மாரியோவின் ஈர்ப்பு அதன் பொம்மைகளில் இல்லை, பாடங்களின் வரிசையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

குதிப்பின் அளவு

ஆட்டத்தின் முதன்மைச் செயல் குதிப்பு. அதற்கு ஒரே பொத்தான். லேசாகத் தட்டினால் சிறு தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். ஓடிவந்து குதித்தால் தூரம் கூடும். அந்தரத்தில் இருக்கும்போதும் திசையைத் திருத்தலாம். ஓட்டத்தை நிறுத்தினால் மாரியோ உடனே நிற்பதில்லை, சற்றுச் சறுக்கித்தான் நிற்பார். அந்த உடலுக்கு எடை உண்டு என்று விரல் நம்பிவிடுகிறது.

இது எவ்வளவு நுட்பமானது என்பதை ஐஸ் கிளைம்பரோடு ஒப்பிட்டால் தெரியும். அதுவும் 1985-இல் நின்டெண்டோ வெளியிட்டதுதான். அதிலும் குதிப்பதே முதன்மை. ஆனால் அதில் குதித்தவர் ஏறத்தாழ நேர்மேலே போகிறார், பக்கவாட்டில் சிறிதே நகர்கிறார். அந்தரத்தில் திருத்திக்கொள்ள வழி குறைவு. தவறும்போது ஆடுபவருக்குக் கருவி மேல் கோபம் வரும். மாரியோவில் தவறும்போது தன் மேல்தான் கோபம் வரும். இன்னொரு முறை ஆடத் தூண்டுவது இந்தக் கோபமே.

சென்னைத் தெருக்களில் கரித்துண்டாலோ சாக்பீஸாலோ கட்டம் போட்டு ஆடிய பாண்டி ஆட்டம் இதற்கு நெருங்கிய உறவு. சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் நொண்டி, கோட்டை மிதிக்காமல் தாண்டவேண்டும். அங்கே கால் கற்றதை இங்கே கட்டைவிரல் கற்றது. இரண்டிலும் அளவு கண்ணில் தொடங்கி உடலில் முடிகிறது. நன்றாக ஆடுபவரிடம் எப்படி என்று கேட்டால் இரண்டிலும் விடை ஒன்றே: ஆடிக் காட்டுவார், சொல்லத் தெரியாது.

பரமபதமும் மாரியோவும்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் பரமபதப் படம் காகிதத் தாளாக விற்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதை ஆடுவது பல வீடுகளின் வழக்கம். மாரியோவை அதனோடு ஒப்பிடுவது பொருத்தமானது. இரண்டிலும் நெடும் பயணம், இடையில் விழுங்கக் காத்திருக்கும் ஆபத்துகள், குறுக்கே உயர்த்திவிடும் வழிகள், முடிவில் ஓர் உயர்ந்த இடம். 1-2 கட்டத்தில் கூரைமேல் ஏறி ஓடினால் 2, 3, 4-ஆம் உலகங்களுக்குப் போகும் குழாய்கள் கிடைக்கும். பரமபதத்து ஏணியின் வேலையை அவை செய்கின்றன. 4-2 கட்டத்தில் மறைந்துள்ள வழி 8-ஆம் உலகம் வரை கொண்டுசெல்லும். இவற்றை அறிந்த தேர்ந்த ஆட்டக்காரர்கள் முழு ஆட்டத்தையும் 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

வேறுபாடுதான் முக்கியம். பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயக்கட்டை தருவது. ஆடுபவரின் குணமோ திறமையோ அங்கே செல்லாது. விதியை ஏற்கும் பணிவே அந்த ஆட்டம் கற்பிப்பது. மாரியோவில் பகடை இல்லை. எதிரிகள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நடையில் வருகிறார்கள். ஏணிகள் மறைந்திருக்கின்றன, தேடுபவருக்குத்தான் கிடைக்கும். விழுந்தவர் விதியை நோக முடியாது. ஒரே வீட்டில் மார்கழியில் ஒன்றும் மே மாதத்தில் மற்றொன்றும் ஆடிய பிள்ளை, உலகைப் பற்றிய இரண்டு எதிரெதிர்க் கொள்கைகளைப் பழகியது.

இங்கே ஒரு சமூகப் பொருளும் உண்டு. டியூஷன், நோட்ஸ், முழுப் பரீட்சை என்று வளர்ந்த பிள்ளைக்குத் தவறு என்பது சிவப்பு மையில் விழுவது, வீட்டுக்குத் தெரிவது. மாரியோவில் தவறுக்கு விலை மலிவு. ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை விழலாம். எண்ணிவைப்பவர் யாரும் இல்லை. பரீட்சை நெருங்கியதும் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிய பெற்றோர், அது படிப்புக்கு எதிரி என்று நம்பினார்கள். நேரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் கற்றல் என்பதைப் பொறுத்தவரை, விழுந்து விழுந்து தானே கண்டுபிடிக்கும் முறையை அந்த வீட்டில் செய்துகாட்டிய பொருள் அந்தப் பெட்டியாகவும் இருந்தது.

முறை வைத்து ஆடுதல்

வீட்டில் ஒரே டிவி, ஒரே பெட்டி, நாலைந்து பிள்ளைகள். அண்ணன், தம்பி, மாமா பிள்ளைகள், மாடி வீட்டுக்காரர் பிள்ளை. இருவர் ஆடும் முறையில் மாரியோ ஒரே நேரத்தில் இருவரையும் விடுவதில்லை. ஒருவர் லைஃப் இழந்ததும் மற்றவர் லூயிஜியாக வருவார். எனவே 'அவுட் ஆனா எனக்கு' என்ற தெருக் கிரிக்கெட் நியாயம் இந்த ஆட்டத்துக்குள் முன்பே எழுதப்பட்டிருந்தது. காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. திரையைப் பார்த்து அடுத்தவரின் தவற்றிலிருந்து கற்றார், கத்தினார், எச்சரித்தார்.

இதனால் அறிவு வாய்வழியாகப் பரவியது. 1-2 கூரை வழி, 3-1 முடிவில் படிக்கட்டில் இறங்கும் ஆமையை மிதித்துக்கொண்டே இருந்து லைஃபைப் பெருக்கும் உத்தி, கொடிக்கம்பத்தின் உச்சியைப் பிடித்தால் 5000 புள்ளி என்பன பள்ளி வேனிலும் மொட்டை மாடியிலும் கைமாறின. முடிவாக வரும் நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும் என்று கண்டுபிடித்தவருக்குத் தெருவில் மதிப்பு உயர்ந்தது.

இசை

கோண்டோவின் இசையைத் தனியே கேட்டால் அதன் அருமை பாதிதான் தெரியும். மாரியோவின் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் பொருந்தும் தாளத்தில் அது அமைந்தது. தரைக்கு ஒரு மெட்டு, சுரங்கத்துக்கு ஒன்று, கோட்டைக்குப் பதற்றமான ஒன்று, தண்ணீருக்குள் மூன்று தட்டுக் கணக்கில் மிதக்கும் மெட்டு. நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் ஓர் எச்சரிக்கை ஒலி, பிறகு அதே மெட்டு வேகம் பிடிக்கும். எண்ணைப் பார்க்காமலே கை பதறும். அடுக்களையில் இருந்தவருக்கும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று காதிலேயே தெரிந்தது.

குறைகள்

ஆட்டம் குறையற்றதல்ல. முதல் குறை, தன் சொந்த முறையை அது மீறும் இடங்கள். 4-4, 7-4, 8-4 கோட்டைகள் சுழல்வழிகள். தவறான பாதையில் போனால் அதே இடம் மீண்டும் மீண்டும் வரும். எது சரி என்று அறிய எந்தக் குறிப்பும் திரையில் இல்லை. அதுவரை பார்த்தால் புரியும்படி கற்பித்த ஆட்டம், இங்கே ஊகிக்கச் சொல்கிறது. பிறர் வாயால் கேட்டறிந்தவரே பெரும்பாலும் தாண்டினர். கேட்க ஆள் இருந்த இடத்தில் இக்குறை நட்பாக மாறியது. தனியே ஆடியவருக்கு அது வெறும் சுவர்.

இரண்டாவது, 32 கட்டங்களும் புதியவை அல்ல. 1-3 கட்டம் 5-3 ஆகவும், 2-3 கட்டம் 7-3 ஆகவும், 1-4 கட்டம் 6-4 ஆகவும் சற்றுக் கடினமாக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. நினைவகச் சிக்கனம் இங்கே படைப்புச் சிக்கனமாகத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, ஆட்டத்தைப் பாதியில் சேமிக்க வழியில்லை. ஏழாம் உலகம் வரை வந்த நேரத்தில் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு, மீண்டும் 1-1. கோடையில் சென்னை வீடுகளுக்கு இது தெரிந்த துயரம். எல்லா லைஃபும் தீர்ந்த பின் ஏ பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால் இறந்த உலகத்திலேயே தொடரலாம் என்ற வசதி உண்டு. ஆனால் திரையில் அது எங்கும் சொல்லப்படவில்லை. 

நான்காவது, இளவரசி. ஏழு கோட்டைகள் வரை அவள் வேறு கோட்டையில் இருப்பதாகச் செய்தி மட்டும் வருகிறது. எட்டாவதில் அவள் நின்று நன்றி சொல்கிறாள். அவளுக்கு வேறு வேலை இல்லை. பெண்ணை வெற்றிக் கோப்பையாக நிறுத்தும் இந்தக் கதையைக் காலத்தின் பெயரால் மன்னிக்கலாம், பாராட்ட முடியாது. கதையை யாரும் பொருட்படுத்தாமல் ஆடினார்கள் என்பதும் உண்மை. அதுவே கதையின் பலவீனத்துக்குச் சாட்சி.

இன்றைய ஆட்டங்களோடு

இன்று திருமயிலை நிலையத்திலிருந்து ரயிலில் ஏறும் மாணவர் கையில் இருப்பது கைப்பேசி. டெம்பிள் ரன் (2011), சப்வே சர்ஃபர்ஸ் (2012) போன்ற ஓட்ட ஆட்டங்கள் மாரியோவின் வழிவந்தவையே. 2016-இல் நின்டெண்டோவே கைப்பேசிக்கென வெளியிட்ட சூப்பர் மாரியோ ரன்னிலும் மாரியோ தானே ஓடுகிறார், ஆடுபவர் விரலால் தொட்டுக் குதிக்கவைப்பதே வேலை.

முடிவற்ற ஓட்ட ஆட்டங்களில் பாதை பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் மாறி வருகிறது. அங்கே பழகுவது அனிச்சைச் செயல். ஓர் இடத்தை அறிவது அங்கே இயலாது. பழைய மாரியோவில் ஆடுபவர் நிற்கலாம். பள்ளத்தின் விளிம்பில் நின்று, எதிரே மேலும் கீழும் போகும் பலகையின் கணக்கைப் பார்த்து, மூச்சுவிட்டு, பிறகு குதிக்கலாம். நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் யோசிக்கும் உரிமை ஆடுபவருடையது. இன்னொரு வேறுபாடு, அதற்கு முடிவு உண்டு. முடிப்பது சாத்தியம் என்பதாலேயே முடிக்காதவர் அதை நினைவில் வைத்திருக்கிறார்.

மதிப்பீடு

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் சென்னைக்கு எந்தப் பெருமையையும் சுமந்து வரவில்லை. விளம்பரம் இல்லை, மொழி இல்லை, பெயர்கூடச் சரியாக இல்லை. போலிப் பெட்டியில், பொய்யெண் அச்சிட்ட கேசட்டில், சற்று மெதுவான வேகத்தில் வந்தது. ஒரு படைப்பைச் சுற்றி வழக்கமாக நிற்கும் தாங்குகட்டைகள் எல்லாம் கழன்ற பின்னும் அது நின்றது. தெரியாத பிள்ளையைத் தெரிந்த பிள்ளையாக மாற்றும் வழி அதன் கட்டங்களுக்குள்ளேயே வரையப்பட்டிருந்ததே காரணம்.

ஆடியவர்களில் பலர் எட்டாம் உலகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களிடம் இன்று ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தால் முதல் கட்டத்தின் மூன்றாவது வினாடியில் விரல் தானாக அழுத்தும். அந்தப் பழுப்பு உருவம் வரும் நேரம் அது.